தோட்டத்துக் கணினியும் விளையாட்டின் உரிமையும்

பாடசாலைக்குக் கணினி வந்து இறங்கியதும் பிள்ளைகள் முதலிற் கேட்பது யாது? நினைவகம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்பவை ஆசிரியருடைய கேள்விகள். "இதிலே கேம் இருக்கா, சேர்?" என்பதே பிள்ளைகளின் கேள்வி. கேட்ட ஆசிரியர் முகஞ் சுளிப்பதுண்டு. கணக்கும் விஞ்ஞானமும் கற்க வந்த பொருளில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று அவருக்குத் தோன்றுவது இயல்பே. ஆயினும் அக்கேள்வியை அற்பமென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. ஒரு கருவி தன்னுடையதா, அல்லது பிறருடைய பொருளைத் தயங்கித் தயங்கித் தொட்டுப் பார்க்கிறோமா என்பதைப் பிள்ளை அறிந்து கொள்ளுவது விளையாடித்தான்.

இக்கேள்வியைச் சபரகமுவத் தோட்டங்களில் வைத்து ஆராய்வதற்கு இப்பொழுது ஒரு காரணம் உண்டு. வின்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு அதன் கம்பெனி வழங்கிவந்த பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றது. அதன் பின்வந்த வின்டோஸ் 11, தனிப் பாதுகாப்புச் சில்லு ஒன்றையும் ஓரளவு புதிய செயலியையும் எதிர்பார்ப்பது. அவை இல்லாத கணினிகள், உறுப்புகள் யாவும் நலமாக இருந்தும், முதுமைப் பட்டஞ் சூட்டப்பெற்று மூலைக்குச் செல்கின்றன. நகரத்து அலுவலகம் கழித்த கணினி, நன்கொடை என்ற பெயரிலே யட்டியாந்தோட்டைக்கோ, தெரணியகலைக்கோ, இறக்குவானைக்கோ வந்து சேருமாயின், அதனை வாங்கும் ஆசிரியருக்கு இரண்டு வழிகள் உள. காவலற்றுப்போன பழைய முறைமையை அப்படியே ஓட்டலாம். அன்றேல் லினக்ஸ் போன்ற திறந்த மூலப் பணிசெயல் முறைமை ஒன்றை நிறுவிப் பொறிக்கு மீண்டும் உயிரூட்டலாம். இரண்டாவது வழிக்குப் பணம் வேண்டியதில்லை. ஆனால் அதனைத் தெரிந்தவுடன் அதே கேள்வி திரும்பி வரும்: "இதிலே கேம் இருக்கா?"

நெடுங்காலம் அதற்கு விடை "இல்லை" என்பதாகவே இருந்தது. இது விந்தையானது, ஏனெனில் இம்முறைமைகளின் மூதாதை பிறந்த கதையிலேயே ஒரு விளையாட்டு இருக்கிறது. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் என்பார் 'விண்வெளிப் பயணம்' என்றொரு விளையாட்டை எழுதினார். சூரியனையும் கோள்களையும் சுற்றி ஒரு கலத்தைச் செலுத்தி இறக்கவேண்டும், அவ்வளவே. பெரிய கணினியில் ஒருமுறை விளையாடுவதற்கே ஏறக்குறைய 75 டொலர் பெறுமதியான கணினி நேரம் செலவாயிற்று. ஆகவே அவர் அங்கே அதிகம் பயன்படாதிருந்த பிடிபி-7 என்னும் சிறிய கணினியைத் தேடிப்பிடித்து, டெனிஸ் ரிச்சியின் துணையுடன் விளையாட்டை அதற்கு மாற்றி எழுதினார். அவ்வேலையிற் பெற்ற பழக்கத்தைக் கொண்டே அதே கணினியில் யூனிக்ஸ் முறைமை உருப்பெற்றது. ஒருவர் கவனியாத பழைய இயந்திரமும், விளையாடும் ஆசையும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நமக்குத் தெரியவில்லை. யூனிக்ஸை ஒத்ததாய், எவரும் மூலநிரலைக் கண்டு திருத்தத்தக்கதாய் ஒரு முறைமை வேண்டுமென்று றிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் அதற்கேற்ற கருவைத் தந்தார். 'டூம்' என்ற பேர்பெற்ற சுடும் விளையாட்டு 1994இலேயே லினக்ஸுக்கு வந்துவிட்டது.

அதன் பின் ஏன் கதவு அடைபட்டது? விளையாட்டுகளை ஆக்குவோர், விற்பனை எங்கே மிகுதியோ அங்கே சென்றனர். உலகத்து மேசைக் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை வின்டோஸில் ஓடின. லினக்ஸில் விளையாட்டு இல்லை என்பதால் ஆட்கள் வரவில்லை. ஆட்கள் இல்லை என்பதால் விளையாட்டு வரவில்லை. இவ்வட்டத்தை உடைக்க 1998இல் லோக்கி என்றொரு கம்பெனி அமெரிக்காவில் எழுந்தது. பெயர்பெற்ற வின்டோஸ் விளையாட்டுகளை முறையாக உரிமைபெற்று லினக்ஸுக்கு மாற்றி விற்றது. 2002 தொடக்கத்திலே மூடப்பட்டது. ஆயினும் அங்கே பணியாற்றிய சாம் லான்ரிங்கா, விளையாட்டு ஆக்குவோர்க்கென அமைத்த எஸ்.டி.எல். என்னும் பொதுக் கருவித்தொகுதி, கம்பெனி அழிந்த பின்னும் அழியாமல் இன்றுவரை எண்ணற்ற விளையாட்டுகளைத் தாங்கி நிற்கிறது. மூலநிரல் திறந்திருந்தமையே அதற்குக் காரணம்.

வேறு சிலர் மொழிபெயர்ப்பாளர் வேலையை மேற்கொண்டனர். 1993இல் தொடங்கிய 'வைன்' என்னும் மென்பொருளின் தொழில் இதுவே. தோட்டத்து வழக்கில் இதனை எளிதாக விளக்கலாம். அக்காலத்தில் துரை ஆங்கிலத்திற் கட்டளை இடுவார், கணக்கப்பிள்ளையும் கங்காணியும் அதனைத் தமிழாக்கிப் பிரட்டுக்களத்திலே தொழிலாளருக்குச் சொல்வர், வேலை நடக்கும். வின்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டு, அம்முறைமையின் மொழியிலே "திரையில் இதனை வரை, இந்த ஒலியை எழுப்பு" என்று கட்டளை இடுகிறது. வைன் அதனைக் கேட்டு லினக்ஸின் மொழியில் மறுபடி சொல்லுகிறது. வின்டோஸைப் போல் முழு வேடம் பூண்டு நடிப்பது அதன் வேலையன்று. கட்டளைகளோ பல்லாயிரம், அவற்றுட் பலவற்றிற்கு முழுமையான விளக்கம் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. முதற் பதிப்பென்று துணிந்து கூறத்தக்க 1.0 வெளிவர 2008 ஆயிற்று. பதினைந்து ஆண்டுகள்! ஒரு தலைமுறை மாணாக்கர் பள்ளி புகுந்து வெளியேறிவிட்டனர்.

இனி நிகழ்ந்தது வணிகத்தின் திருப்பம். இணையவழி விளையாட்டுக் கடையான ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனி, வின்டோஸ் உரிமையாளர் தாமே கடை திறந்து தம்மை ஒதுக்கிவிடக்கூடுமென அஞ்சிற்று. 2013 பெப்ரவரியில் லினக்ஸுக்கு ஸ்டீம் வந்தது. 2015இல் லினக்ஸ் பொருத்திய விளையாட்டுப் பெட்டிகளைச் சந்தைக்கு விடச் செய்து, அதிலே தோற்றது. 2018 ஓகஸ்டில், வைனையும், வரைகலைக் கட்டளைகளை மாற்றியுரைக்கும் வேறு கருவிகளையும் ஒன்றாக இணைத்து 'புரோட்டன்' என்ற பெயரில் வெளியிட்டது. விளையாடுவோன் தனியே எதனையும் அமைக்க வேண்டியதில்லை; பொத்தானை அழுத்தினால் வின்டோஸ் விளையாட்டு லினக்ஸில் ஓடும். 2022 பெப்ரவரியில் அவர்கள் விற்கத் தொடங்கிய 'ஸ்டீம் டெக்' என்னும் கைப்பெட்டியும் லினக்ஸையே உள்ளீடாகக் கொண்டது. 2025 ஒக்டோபரில் ஸ்டீம் பயனாளருள் லினக்ஸைக் கையாள்வோர் 3 விழுக்காட்டைத் தாண்டினர். தொகை சிறிதுதான். ஆனால், நெடுநாள் நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே கிடந்த கணக்கு இது.

இவ்வளவும் கேட்ட பின், "தோட்டத்துப் பிள்ளையின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது" என்று முடித்துவிடலாமா? முடியாது. புரோட்டன் வேலைசெய்ய வரைகலைப் பகுதியானது 'வல்கன்' என்னும் நவீன மொழியை அறிந்திருக்கவேண்டும். 2015ஆம் ஆண்டிற்கு முற்பட்ட அலுவலகக் கணினிகளின் உள்ளமைந்த வரைகலைச் சில்லுகள் பெரும்பாலும் அதனை முழுமையாக அறியா. கழித்துக் கொடுக்கப்பட்டு மலையேறி வருபவை பெரிதும் அத்தகையவையே. இணையத்தில் பலர் கூடிப் போரிடும் விளையாட்டுகளிற் பல, ஏமாற்றுவோரைப் பிடிக்கும் காவல் மென்பொருளைக் காரணங்காட்டி லினக்ஸை வாசலிலேயே மறிக்கின்றன. 'வலொறன்ட்', 'போர்ட்னைட்' என்பன எடுத்துக்காட்டு. கணினியின் ஆற்றல் குறைவென்பதால் அவை மறுப்பதில்லை. உரிமையாளர் அனுமதிப்பதில்லை, அவ்வளவே. மேலும் ஸ்டீம் கடையின் முகப்பு ஏறக்குறைய முப்பது மொழிகளிற் பேசுகிறது. அவற்றுள் தமிழுமில்லை, சிங்களமுமில்லை.

மொழியைப் பற்றி இவ்விடத்து ஒரு சொல் கூறவேண்டும். நுவரெலியாவைப் போலன்றி, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிலே தேயிலை, றப்பர்த் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களினூடே சிதறிக் கிடக்கின்றன. தமிழ்மொழிப் பாடசாலை பலருக்கு எட்டத்தில். உயர்தர விஞ்ஞானப் பிரிவு அதனினும் எட்டத்தில். அருகிலிருக்கும் சிங்களப் பாடசாலைக்கே பிள்ளையை அனுப்பிவிடும் பெற்றோர் உளர். அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. வீட்டிலொரு மொழி, பாடசாலையிலொரு மொழி, கணினியிலே மூன்றாவது மொழி என்று வாழும் பிள்ளைக்கு, விளையாட்டின் மொழி சிறு பிரச்சினையன்று. அது அந்தப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துடன் எஞ்சியிருக்கும் சில தொடர்புகளுள் ஒன்றாகவும் ஆகலாம்.

ஆதலால், விலைக்கு வரும் விளையாட்டுகளை எப்படியோ ஓட்டிக்காட்டுவதிலும் பார்க்க, பிறவியிலேயே திறந்தவையாய் உள்ள விளையாட்டுகளே நம் தோட்டங்களுக்குரியவை என்பது நமது துணிபு. பழைய பொறிகளில் ஓடும், இணையம் வேண்டா, இவற்றிற்கு மேலாக, உட்புகுந்து மாற்றலாம்.

'ஃப்ரீசிவ்' என்னும் விளையாட்டைப் பாருங்கள். டென்மார்க்கில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் 1995 இறுதியில் எழுதத் தொடங்கி, 1996 தொடக்கத்தில் வெளியிட்டது. கற்காலத்துக் குடியினர் ஊர் அமைத்து, உழவு கற்று, எழுத்துக் கண்டு, கப்பல் கட்டி, விண்வெளிவரை செல்லும் நீண்ட ஆட்டம். ஒவ்வொருவர் முறையாக நகர்த்துவதால் வேகமான கணினி வேண்டியதில்லை. ஓர் அறையில் உள்ள கணினிகளைக் கம்பியால் இணைத்துவிட்டாற் போதும்; வகுப்பு முழுவதுமே ஓர் உலகத்தைப் பங்கிட்டு ஆளலாம். இதன் விதிகள் யாவும் சாதாரண எழுத்துக் கோப்புகளில் எழுதி வைக்கப்பட்டுள்ளன. நெல்வயலுக்கு எவ்வளவு விளைவு, குதிரை வீரனுக்கு எவ்வளவு வலிமை, ஒரு நாட்டவர் புதிய நகரம் அமைக்கும்போது அதற்கு என்ன பெயர் தோன்றவேண்டும் என்பன போன்ற யாவும் அங்கே உள. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அக்கோப்பைத் திறந்து, பட்டியலில் பலாங்கொடை, பெல்மதுளை, காவத்தை, எஹலியகொடை என்று தன் ஊர்களை எழுதிச் சேமித்தாளானால், அடுத்த ஆட்டத்தில் அவளுடைய அரசின் நகரங்கள் அப்பெயர்களுடன் எழும். வரலாற்றுப் பாடத்தில் உழவு முந்தியதா, நகரம் முந்தியதா என்று கேட்டால் அவள் சொல்லும் விடை மனப்பாடமாக இராது. விதி தவறென்று தோன்றினால் வாதாடுவாள், திருத்தியும் பார்ப்பாள்.

சிறுவருக்குரியது 'ஜீகொம்ப்ரி'. புரூனோ குடுவன் என்ற பிரெஞ்சுக்காரர் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. "எனக்கு விளங்கிவிட்டது" என்னும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியே பெயராயிற்று. சுட்டியைப் பிடித்துப் பழகுவது முதல் கூட்டல், கடிகாரம், நீர்ச் சுழற்சி, சதுரங்கம் வரை நூற்றுக்கு மேற்பட்ட பயிற்சிகள் அதில் அடங்கும். 2002இல் பில் கெண்ட்றிக் ஆக்கிய 'டக்ஸ் பெயின்ட்' படம் வரைவதற்கு. 'சூப்பர் டக்ஸ் கார்ட்' வண்டிப் பந்தயம். பையன்களுக்கு அதைக் காட்டிவிட்டால் மற்றவற்றைக் காட்டுவது கடினம் என்பதையும் ஆசிரியர் அறிந்திருக்கவேண்டும்.

உள்ளே மாற்றத்தக்க விளையாட்டு நமக்குப் புதிதுமன்று. பல்லாங்குழி எவர் சொத்து? ஊருக்கு ஊர் விதி வேறு. புளியங்கொட்டை, சோழி, கல் என்று காயும் வேறு. சிங்களவர் வீடுகளில் குன்றிமணி கொண்டு ஆடும் 'ஒலிந்த கெலிய' அதன் உடன்பிறப்பே. தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் இடையிலுள்ள வேலியை அனுமதிப் பத்திரமின்றித் தாண்டிய ஆட்டம் அது. எந்தப் பாட்டியும் விதியை மாற்றுமுன் எவரிடமும் விண்ணப்பித்ததாக நாம் கேள்விப்படவில்லை.

இத்துறையில் இலங்கையர் வெறும் பார்வையாளராக இருந்ததில்லை. 2003இல் அமைந்த லங்கா மென்பொருள் மன்றத்துத் தொண்டர்கள், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின், காணாமற்போனோரைத் தேடவும் நிவாரணத்தை ஒழுங்கு செய்யவும் 'சஹானா' என்னும் திறந்த மென்பொருளை ஆக்கினர். உலகின் வேறு நாடுகளும் பேரிடர்களின்போது அதனை எடுத்தாண்டன. இலங்கை லினக்ஸ் பயனர் குழுவினர் ஆக்கிய சிங்கள எழுத்துரு உலகத்து லினக்ஸ் தொகுப்புகளிற் சேர்ந்தது. தமிழுக்கும் 2000ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாட்டிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருந்த தொண்டர்கள் லினக்ஸின் திரைமுகங்களைத் தமிழாக்கினர். ஊதியமின்றி இரவிலே செய்த பணி, நன்றியுடன் நினைக்கவேண்டும்.

எனினும் அந்தத் தமிழ் நம் பிள்ளைக்கு எவ்வளவு தெரிந்த தமிழ்? நம் பாடநூல் 'பணிசெயல் முறைமை' என்பதை அங்கே 'இயங்குதளம்' என்பர். நமக்குச் 'சாவிப்பலகை', அவர்களுக்கு 'விசைப்பலகை'. நாம் 'ரூபா, சதம்' என்றும் 'மீற்றர்' என்றும் 'துவிச்சக்கரவண்டி' என்றும் எழுதுவனவற்றை அவர்கள் 'ரூபாய், பைசா' என்றும் 'மீட்டர்' என்றும் 'மிதிவண்டி' என்றும் எழுதுவர். இவற்றுள் எது தூய தமிழ் என்ற வழக்காட்டம் இவ்விடத்து வேண்டா. ஆறு வயதுப் பிள்ளை விளையாட்டில் காணும் சொல் பாடநூலிலுள்ள சொல்லாகவே இருந்தால் நலமன்றோ? லினக்ஸ் முறைமைகளில் 'தமிழ் - இந்தியா', 'தமிழ் - இலங்கை' என இரு தெரிவுகள் ஏற்கனவே உள. இரண்டாவதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, குடிவருவோர்தாம் வேண்டும்.

அந்தப் பணிக்கு நிரலெழுதும் திறமை வேண்டுமென அஞ்சற்க. மொழிபெயர்ப்புக் கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்பு. ஆங்கில வரியொன்று, அதன் கீழே இரு மேற்கோட்குறிகள், அவற்றின் நடுவே தமிழ் எழுதவேண்டும். ஆங்கிலமும் தமிழும் அறிந்த ஆசிரியர் விடுமுறையிற் செய்யக்கூடியது. குரல் தனி, "மூன்றும் இரண்டும் எத்தனை?" என்பதை மலையகத்துப் பேச்சின் ஓசையிலேயே பதிந்து சேர்க்கலாம். பெலிஹுல்ஓயாவிலுள்ள சபரகமுவப் பல்கலைக்கழகத்தில் கணினித்துறை பயிலும் தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் சேர்ந்து, ஒரே பயிற்சியை இரு மொழியிலும் ஆக்கினால், மாகாணத்துக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டுவேலை வேறென்ன?

நடவாத காரியத்தைக் கூறுகிறோமென்று எண்ணுவோர் கேரளத்தை நோக்குக. அங்கே அரச பாடசாலைகளின் கணினிகள் பல ஆண்டுகளாக லினக்ஸிலேயே ஓடுகின்றன. 2019இல் வெளியிட்ட பதிப்பை 2 இலட்சத்துக்கு மேற்பட்ட பாடசாலைக் கணினிகளுக்கென ஆயத்தஞ் செய்தனர். தொடக்க வகுப்புகளின் கணினிப் பாடநூலுக்கு அவர்கள் இட்ட பெயர் 'களிப்பெட்டி'. மலையாளத்தில் விளையாட்டுப் பெட்டி என்பது பொருள். பெயரிலேயே விடை இருக்கிறது. மலையாளத்தில் முடிந்ததற்குக் காரணம் அரசு ஒன்று முனைந்து நின்றமை. நம்மிடம் அது இல்லையென்பது உண்மை. கோப்பு மட்டும் அங்கும் இங்கும் ஒன்றே.

இளைஞர் கைகளிலெல்லாம் தொலைபேசி இருக்கும்போது மேசைக் கணினியைப் பற்றிப் பேசுவானேன் என்ற கேள்வியும் எழும். லயத்து இளைஞர் விளையாடுவது பெரும்பாலும் தொலைபேசியிலேதான். அண்ட்றொயிட் தொலைபேசியின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கருவே. எனினும் அதனுள்ளே பிள்ளை புகுந்து ஒரு சொல்லையேனும் மாற்றமுடியாதபடி பூட்டிவைத்திருக்கிறார்கள். விளையாடலாம், இடையிடையே விளம்பரம் பார்க்கலாம், காசு கட்டலாம். இரத்தினபுரிச் சந்தையில் மோதிரத்திற் பதித்த கல்லைப் பார்ப்பதற்கும், குழியில் இறங்கி இல்லத்தை அரிப்பதற்கும் உள்ள வேற்றுமையை அந்த மாவட்டத்தாருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

தொடங்க விரும்பும் ஆசிரியருக்குச் சில குறிப்புகள். கணினியிலுள்ள எதனையும் அழிக்காமல், லினக்ஸை ஒரு யூ.எஸ்.பி. கோலில் ஏற்றி அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிடின் கோலைக் கழற்றினாற் போதும். 4 கிகாபைற் நினைவகமுள்ள கணினிக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்புப் பொருந்தும். மிகப் பழைய 32 பிட் கணினியாயின் தெரிவுகள் சுருங்கிவருகின்றன. டெபியன்கூட 2025 ஓகஸ்டில் வந்த தன் 13ஆம் பதிப்பில் அவற்றில் நிறுவும் வசதியைக் கைவிட்டது. நகரத்திலே நல்ல இணையம் உள்ள இடத்தில் மேற்கூறிய விளையாட்டுகளை ஒருமுறை இறக்கிக் கோலிற் சேமித்துக்கொண்டால் தோட்டத்தில் இணையத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. இன்னொன்று: சித்திரையை அடுத்தும் ஐப்பசியை அடுத்தும் பிற்பகல்தோறும் சபரகமுவ மலைகளில் இடி இறங்கும். ஆட்டம் எவ்வளவு சுவையான கட்டத்தில் இருப்பினும் சேமித்துவிட்டு, சுவரிலிருந்து மின்செருகியைக் கழற்றிவிடுக.